டஸ்கீகி ஆய்வு பற்றி ஆய்வு அறக் கட்டுரை: எந்த ஆதாரத்தை எதற்கு நம்புவது, குறிப்புரையில் என்ன எழுதுவது?

மாலைத்தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வு அறம் தாளுக்காக, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்த டஸ்கீகி சிஃபிலிஸ் (ஒரு பால்வினை நோய்) ஆய்வைப் பற்றி எழுதப் போகிறேன். கட்டுரைக்கு முன்பே ஆதாரப் பட்டியல் ஒன்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆதாரத்துக்குக் கீழேயும் ஒரு பத்தி குறிப்புரை இருக்க வேண்டும். "பியர் ரிவியூ ஆன, அதாவது துறை வல்லுநர்கள் மதிப்பிட்டு ஏற்ற, கட்டுரைகளுக்கு முதலிடம் கொடு, செய்தித்தாள், இணையதளம் எல்லாம் கடைசியில்தான்" என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார்.

அந்த விதிப்படி அடுக்கினால், ஆய்வை நடத்திய மருத்துவர்களே 1936-லும் 1964-லும் எழுதிய கட்டுரைகள் மேலே வருகின்றன. நடந்த அநியாயத்தை உலகுக்குச் சொன்ன 1972 செய்தி அடியில் போய்விடுகிறது. இது சரியாகப் படவில்லை, ஆனால் மாற்றி அடுக்க என்ன காரணம் சொல்வது என்றும் தெரியவில்லை.

இன்னொன்று: சில தளங்கள் அந்த ஆண்களுக்கு ஊசி போட்டு நோயை உண்டாக்கினார்கள் என்கின்றன. வேறு சில இல்லவே இல்லை என்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

மாதிரிக்கு நான் எழுதிய ஒரு குறிப்புரை: "ஆலன் பிராண்ட் 1978-ல் எழுதிய இந்தக் கட்டுரை டஸ்கீகி ஆய்வில் இனவெறியின் பங்கை விளக்குகிறது. நம்பகமான இதழில் வெளிவந்தது. என் கட்டுரைக்கு மிகவும் பயன்படும்." இது போதுமா?

ஏட்டுச்சுவடி

தென்றல், வாம்மா. கல்லூரி நூலகத்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உன் பேராசிரியர் சொன்ன விதி பொதுவாக நல்ல விதிதான். கண்டதையும் இணையத்தில் எடுத்து ஒட்டுகிற பழக்கத்தை அது தடுக்கும். ஆனால் நீ எடுத்திருப்பது, அந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத முடியாத தலைப்பு. ஏனென்று சொல்கிறேன்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1932-ல் மேக்கன் மாவட்டத்தில் இந்த ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். நோய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டால் உடம்பு என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர்களிடம் சொன்னதோ "கெட்ட ரத்தத்துக்கு" வைத்தியம் பார்க்கிறோம் என்று. இது 40 ஆண்டுகள் ஓடியது. இந்த 40 ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. மறைத்து நடத்தவில்லை. 1964 கட்டுரையின் தலைப்பையே பார்: சிகிச்சை பெறாத சிஃபிலிஸ் பற்றிய டஸ்கீகி ஆய்வு, கவனிப்பின் 30-ஆம் ஆண்டு. மருத்துவர்கள் படிக்கிற இதழில் இந்தத் தலைப்போடு அச்சாகியிருக்கிறது.

அப்படியானால் இந்தக் கட்டுரைகள் எதற்குச் சாட்சி? நோய் எப்படி முற்றுகிறது என்பதற்கு அவர்கள் அதை எழுதினார்கள். நீ அதற்காகப் படிக்கப் போவதில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்கள், வெட்கப்படாமல் வெளியிட்டார்கள், படித்த தொழில்துறை பெரும்பாலும் பேசாமல் இருந்தது என்பதற்கு இவற்றைவிட வலுவான சான்று கிடையாது. அந்த ஆண்கள் சம்மதித்தார்களா, என்ன சொல்லி அழைத்து வந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இவற்றை நம்பக் கூடாது. நீதிமன்றத்தில் ஒரே சாட்சியின் வாக்குமூலத்தில் ஒரு பகுதியை ஏற்று இன்னொரு பகுதியைத் தள்ளுவார்களே, அப்படி.

ஆகவே உன் பட்டியலில் எது மேலே எது கீழே என்ற கேள்வியை விட்டுவிடு. ஒவ்வொரு ஆதாரத்தின் கீழும், இது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி ஆகாது என்று எழுது. அந்த இரண்டும் இருந்தால் எந்தப் பேராசிரியரும் ஏன் செய்தித்தாளைச் சேர்த்தாய் என்று கேட்க மாட்டார்.

இன்னொரு விஷயம். 1936 கட்டுரையை "பியர் ரிவியூ" என்று எழுதாதே. இன்று நாம் சொல்கிற மாதிரி வெளி ஆய்வாளர்களுக்கு அனுப்பி மதிப்பிடும் முறை அப்போது எல்லா இதழ்களிலும் வழக்கமாக இல்லை.

உன் பிராண்ட் குறிப்புரைக்கு வருகிறேன். கட்டுரையைத் திறக்காமலேயே அதை எழுதிவிடலாம், தலைப்பும் ஆண்டும் தெரிந்தால் போதும். பிராண்ட் எதைப் படித்து எழுதினார்? தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த சுகாதாரச் சேவையின் கடிதங்களைப் படித்து எழுதினார். யாரோடு மல்லுக்கு நிற்கிறார்? அரசு அமைத்த குழு 1973-ல் தந்த அறிக்கையோடு. சிஃபிலிஸைக் குணமாக்கும் பெனிசிலினைத் தராததைக் குழு பெரிதாகப் பேசியதில், அந்த ஆய்வு தொடக்கத்திலிருந்தே எப்படிப்பட்டது என்பது மறைந்துபோனது என்பது அவர் வாதம். இந்த இரண்டும் குறிப்புரையில் வந்தால்தான் நீ படித்தாய் என்று தெரியும்.

நடுப்பக்கம்

நான் பத்திரிகைத் துறையில் இருப்பவன். ஐயா சொன்னதோடு செய்திப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1972 ஜூலை 25 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட அந்தச் செய்தியை எழுதியவர் ஜீன் ஹெல்லர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. "செய்தித்தாள்" என்று ஒரே சொல்லில் இதை ஒதுக்க முடியாது, ஏனென்றால் செய்திகளிலும் வகை உண்டு. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதுவது ஒரு வகை. ஆவணம் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட துறையிடமே உறுதி செய்துகொண்டு எழுதுவது இன்னொரு வகை. இது இரண்டாவது.

ஆவணங்களைக் கொடுத்தவர் பீட்டர் பக்ஸ்டன். சான் பிரான்சிஸ்கோவில் அதே சுகாதாரச் சேவையில் பால்வினை நோய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். 1966-லும் 1968-லும் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். 1969-ல் ஒரு குழு கூடிப் பேசியது, ஆய்வைத் தொடரலாம் என்று முடிவெடுத்தது. அப்புறம்தான் அவர் தனக்குத் தெரிந்த ஒரு செய்தியாளரிடம் விஷயத்தைச் சொன்னார், அவர் மூலம் அது ஹெல்லரிடம் போனது. குறிப்புரையில் இந்த வழியை ஓரிரு வரியில் எழுதுங்கள். செய்தி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதுதான் அதன் மதிப்பைச் சொல்வது.

செய்தியின் எல்லையையும் எழுதுங்கள். அது ஒரு தொடக்கம். காப்பகக் கோப்புகள் அப்போது அலசப்படவில்லை. அந்த ஆண்களின் பார்வையில் நடந்தது என்ன என்பதற்கு வேறு இடம் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 1936 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் ஜே.ஆர்.ஹெல்லர், சுகாதாரச் சேவை மருத்துவர். செய்தி எழுதியவர் ஜீன் ஹெல்லர். இருவரும் வேறு வேறு ஆட்கள். பட்டியலில் குடும்பப் பெயர், முதலெழுத்து என்று அடுக்கும்போது இரண்டும் "ஹெல்லர், ஜே." என்றே நிற்கும். பெயரை முழுதாகக் கொடுங்கள்.

வெள்ளைக்கோட்டு

ஊசி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், மருத்துவராக.

டஸ்கீகி ஆண்களுக்கு நோயை ஊசி மூலம் ஏற்றவில்லை. அவர்களுக்கு நோய் முன்பே இருந்தது, சிகிச்சைதான் மறுக்கப்பட்டது. ஊசி என்ற கதை இரண்டு வழியில் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். அது வலி மிகுந்த பரிசோதனை மட்டுமே. ஆனால் அந்த ஆண்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அதைச் சிறப்பு இலவச சிகிச்சை, கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தார்கள். இரண்டு, குவாத்தமாலா.

1946 முதல் 1948 வரை அதே சுகாதாரச் சேவையின் மருத்துவர்கள் குவாத்தமாலாவில் கைதிகள், படைவீரர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள் ஆகியோருக்கு வேண்டுமென்றே பால்வினை நோய்களைத் தொற்ற வைத்தார்கள். அதை நடத்தியவர் ஜான் கட்லர். அவரே பிற்பாடு டஸ்கீகியிலும் வேலை பார்த்தார். இதைக் கண்டுபிடித்தவர் வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி. டஸ்கீகி பற்றிய ஆராய்ச்சிக்காக பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கட்லரின் காகிதங்களைப் புரட்டும்போது குவாத்தமாலாக் கோப்புகள் கண்ணில் பட்டன. 2010 அக்டோபரில் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. ஒரே துறை, ஒரே நோய், ஒரு பொதுவான ஆள். இரண்டும் கலந்துபோக இது போதும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. ஊசி போட்டு நோயை ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கும் எந்தத் தளத்தையும் மற்ற தகவலுக்கும் நம்பாதீர்கள். அவர்கள் எதையும் திறந்து பார்த்து எழுதவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு சுற்றுகிறது: "1932-ல் மருந்தே இல்லை, பெனிசிலின் வந்த பிறகுதான் குற்றம்." பெனிசிலின் 1940-களின் நடுவில் வந்து, 1947 வாக்கில் சிஃபிலிஸுக்கு வழக்கமான மருந்து ஆனது உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஆர்செனிக், பிஸ்மத், பாதரச மருந்துகள் இருந்தன. நச்சு மிகுந்தவை, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியவை, ஆனாலும் மருத்துவர்கள் சிபாரிசு செய்தவை. அதைவிட முக்கியம்: ஆய்வுக்குச் சற்று முன்பு ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவியோடு அதே மேக்கன் மாவட்டத்தில் சிஃபிலிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. பெருந்திரளாக சிகிச்சை தர முடியும் என்று அது காட்டியது. பொருளாதார வீழ்ச்சியில் பணம் நின்றது. சிகிச்சைக்குப் பணம் இல்லாத இடத்தில் கவனித்துப் பார்க்கும் ஆய்வு வந்து உட்கார்ந்தது. பிராண்ட் கட்டுரையில் இது இருக்கிறது.

மாலைத்தென்றல்

நன்றி டாக்டர், ஐயா, நடுப்பக்கம் அண்ணா. பிராண்டை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.

இறந்தவர்கள் எண்ணிக்கையிலும் சந்தேகம் இருக்கிறது. பல தளங்களில் "28 பேர் சிஃபிலிஸால் இறந்தார்கள், 100 பேர் அதன் சிக்கல்களால் இறந்தார்கள்" என்று ஒரே மாதிரி வாக்கியம் இருக்கிறது. இத்தனை இடத்தில் ஒரே எண் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் இல்லையா?

ஏட்டுச்சுவடி

இல்லைம்மா. வாக்கியம் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால், பத்துத் தளங்கள் இருந்தாலும் ஆதாரம் ஒன்றுதான். எண்ணிக்கையைக் கண்டால் அது எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

பிராண்டிடம் போய்ப் பார். குறைந்தது 28 பேர், ஒருவேளை 100-க்கும் மேல், நோய் முற்றி இறந்திருப்பார்கள் என்கிறார். அது ஒரு மதிப்பீடு, கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொண்டது. இணையத்தில் அது கைமாறிக் கைமாறி இரண்டு தனித்தனி உறுதியான எண்களாகப் பிளந்துவிட்டது. 28 ஒரு கூட்டம், 100 வேறொரு கூட்டம் என்று. படிப்பவர் 128 என்று கூட்டிக்கொள்வார். இறந்தவர்கள் மனிதர்கள், அவர்களை எண்ணுவதில் இந்தக் கவனக்குறைவு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உன் குறிப்புரையில் இப்படி எழுதலாம்: "இறப்பு எண்ணிக்கைக்கு இக்கட்டுரையின் மதிப்பீட்டையே பயன்படுத்துகிறேன், பல இணையதளங்கள் தரும் இரட்டை எண்கள் இதே மதிப்பீட்டின் திரிந்த வடிவமாகத் தோன்றுவதால் தவிர்க்கிறேன்." இந்த ஒரு வாக்கியம் உன் உழைப்பைக் காட்டும்.

399, 201 என்ற எண்களும் எல்லா வெளியீட்டிலும் அப்படியே இருக்காது. நோய் இல்லாதவர்கள் என்று சேர்த்தவர்களில் சிலருக்குப் பிறகு நோய் வந்தது. அவர்களைத் தூக்கி நோயாளிகள் பட்டியலில் போட்டார்கள். அவர்களுக்கும் சிகிச்சை தரவில்லை. எண் மாறியிருந்தால் அச்சுப்பிழை என்று கடந்து போகாமல் ஏன் மாறியது என்று கேட்டால் இப்படி ஒரு விஷயம் வெளியே வரும்.

கடலூர்க்காரன்

நானும் இதே போல் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டியவன்தான், அதனால் கேட்கிறேன். ஏஐ சாட்பாட்டிடம் "டஸ்கீகி பற்றிப் பத்து ஆதாரம் குறிப்புரையோடு கொடு" என்றால் நொடியில் கொடுக்கிறது. பார்க்க நன்றாகவும் இருக்கிறது. அதை வைத்துத் தொடங்கினால் என்ன?

நடுப்பக்கம்

தம்பி, அது கொடுக்கும் பட்டியலில் உண்மையான ஆசிரியர் பெயரும், உண்மையான இதழின் பெயரும், இல்லாத கட்டுரையின் தலைப்பும் ஒன்றாக வரலாம். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்த, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்ற மனுவில் மேற்கோள் காட்டினார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தேடுவதற்குச் சொற்கள் வேண்டுமானால் அதனிடம் கேட்டுக்கொள். ஆதாரம் என்று எழுதுவதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி

நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். குறிப்புரை என்பதே "நான் இதைப் படித்தேன்" என்று கையெழுத்துப் போடுவது. படிக்காததற்கு இன்னொருவரை எழுதவிட்டால் அறம் பற்றிய தாளில் அறம் எங்கே இருக்கிறது?

கிடைப்பது கஷ்டம் என்ற காரணமும் இந்தத் தலைப்பில் செல்லாது. 1953-ல் பப்ளிக் ஹெல்த் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த கட்டுரையை பப்மெட் சென்ட்ரல் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தென்றல், நீ சொன்னவற்றில் அதைக் காணோமே. கட்டாயம் சேர். ஆய்வில் ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்த கறுப்பினச் செவிலியர் யூனிஸ் ரிவர்ஸ் அதன் முதல் ஆசிரியர். ஆண்களை இருபது ஆண்டுகள் தக்கவைத்துக்கொண்டது எப்படி என்று அது சொல்கிறது: காரில் அழைத்துப் போனது, அன்பாகப் பேசியது, இறந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்துக்குப் பதிலாக உடலைப் பிரேதப் பரிசோதனைக்குத் தர வேண்டும். மற்ற மருத்துவர்களுக்குப் பாடமாக, பெருமையோடு எழுதியிருக்கிறார்கள். நீ சமூகப்பணி படிக்கிறாய். நம்பிக்கையைச் சம்பாதித்து அதை என்னவாகப் பயன்படுத்தினார்கள் என்பது உன் துறைக்கு நேரான கேள்வி. எனக்கு இந்தத் தலைப்பில் படித்ததிலேயே மனதைப் பிசைந்தது இதுதான். முதல் பெயர் ரிவர்ஸுடையது என்றாலும் உடன் எழுதியவர்கள் இருக்கிறார்கள். எந்த வாக்கியம் யாருடைய குரல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதையும் குறித்துவிடு.

தராசுமுள்

தத்துவம் கற்பிப்பவள். இதுவரை பேசியது நடந்ததைப் பற்றிய ஆதாரங்கள். தென்றல் எழுதுவது அறக் கட்டுரை, அதனால் இன்னொரு வகை ஆதாரமும் வேண்டும்: எதை வைத்துத் தவறு என்கிறோம் என்பதற்கு. மாணவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கலப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான அற நெறிகளைச் சொல்லும் 1979 பெல்மான்ட் அறிக்கையை எடுத்து, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்றையும் சொல்லி, டஸ்கீகி மூன்றையும் மீறியது, ஆகவே தவறு, முடிந்தது என்று எழுதுவார்கள். ஆனால் அந்த அறிக்கை பிறந்ததே டஸ்கீகியால்தான். செய்தி வெளியானதைத் தொடர்ந்து 1974-ல் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அமைத்த ஆணையம் எழுதியதுதான் பெல்மான்ட். பின்னால் வந்த விதியை வைத்து முன்னால் நடந்ததை அளப்பதாக எவராவது மறுப்புச் சொன்னால் என்ன பதில்?

அந்த மறுப்பைச் சொன்னவர்கள் உண்டு. பெனடெக், எர்லன் இருவரும் 1999-ல், அன்றைய மருத்துவ அறிவின் சூழலில் வைத்துத்தான் இந்த ஆய்வைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். அதைப் பட்டியலில் சேருங்கள். உங்கள் முடிவுக்கு எதிரான ஆதாரம் ஒன்றாவது இல்லாத பட்டியலை நான் முழு மதிப்பெண்ணுக்குத் திருத்த மாட்டேன்.

பதிலும் ஆதாரத்தில்தான் கிடைக்கும், ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதர்கள் மேல் சோதனை செய்ய அவர்களின் சம்மதம் கட்டாயம் என்ற நியூரம்பெர்க் விதித்தொகுப்பு 1947. மருத்துவ ஆய்வு அறத்துக்கான ஹெல்சின்கி பிரகடனம் 1964. அதே 1964-ல்தான் 30-ஆம் ஆண்டுக் கட்டுரையும் வருகிறது. மறு ஆண்டு, அந்தக் கட்டுரையைப் படித்த இர்வின் ஷாட்ஸ் என்ற டெட்ராய்ட் மருத்துவர் ஆசிரியர்களுக்கு எழுதினார். பயனுள்ள சிகிச்சை இருக்கும்போது நோயாளிகளை சாக விட்டுப் பார்ப்பதா என்று அதிர்ந்து கேட்ட சின்னக் கடிதம். ஆசிரியர்களில் ஒருவர் அதோடு ஒரு குறிப்பைச் சேர்த்து வைத்தார்: இப்படி வந்த முதல் கடிதம் இதுதான், பதில் எழுதுவதாக இல்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தவறாகத் தெரியவில்லை என்ற வாதத்துக்கு இந்த ஒரு கடிதம் போதும். பெல்மான்ட் தேவையே இல்லை.

ஆக, பெல்மான்ட் குறிப்புரையில் "டஸ்கீகியின் விளைவுக்குச் சாட்சி, டஸ்கீகியை அளக்கும் கோலாக இதை மட்டும் நம்பவில்லை" என்று எழுதுங்கள். ஷாட்ஸ் கடிதத்தின் குறிப்புரையில் எதிர்ப்பு அந்தக் காலத்துக்குள்ளேயே இருந்தது என்று எழுதுங்கள்.

வெள்ளைக்கோட்டு

தராசுமுள் மேடம், பெனடெக், எர்லனைச் சேர்க்கச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதுகலை முதலாண்டு மாணவி அதைப் படித்தால் 1932-க்குப் பொருந்தும் வாதத்தை 1947-க்குப் பிறகும் நீட்டிவிடும் ஆபத்து உண்டு. நார்வேயில் ஆஸ்லோ நகரில் சிகிச்சை பெறாத நோயாளிகளைப் பற்றிய பழைய ஆய்வு இருந்தது, அதைப் போல இதுவும் என்பார்கள். ஆஸ்லோவில் பழைய பதிவேடுகளில் இருந்த நோயாளிகளைப் பின்னால் தேடிப் பார்த்தார்கள். டஸ்கீகியில் சிகிச்சை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றல்ல.

தராசுமுள்

டாக்டர், நீங்கள் இப்போது எழுதிய ஐந்து வரிதான் அந்த ஆதாரத்துக்குக் கீழே வர வேண்டிய குறிப்புரை. படித்து மறுப்பது, படிக்காமல் விலக்குவதைவிட நல்லது. மாணவி அதற்குத் தயாரானவர் என்றுதான் அவர் கேள்விகளைப் பார்த்தால் படுகிறது.

மாலைத்தென்றல்

இங்கே எல்லோரும் சொன்னதைக் குறித்துக்கொண்டு 1964 கட்டுரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"ராக்வெல், யோப்ஸ், மூர் ஆகியோர் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் 1964-ல் எழுதிய கட்டுரை. ஆய்வை நடத்திய அமைப்பே ஆய்வைப் பற்றி வெளியிட்டது என்பதால் முதன்மை ஆதாரம். பெனிசிலின் வழக்கத்துக்கு வந்து ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆய்வு தொடர்ந்தது என்பதற்கும், அது மருத்துவ உலகத்துக்குத் தெரியும்படி வெளியிடப்பட்டது என்பதற்கும் இதைச் சான்றாகக் கொள்கிறேன். பங்கேற்றவர்களின் சம்மதத்துக்கும் அனுபவத்துக்கும் இதைச் சான்றாகக் கொள்ளவில்லை. அவர்களின் குரல் இதில் இல்லை. 1965-ல் ஷாட்ஸ் எழுதிய கடிதத்தோடு சேர்த்தே இதைப் பயன்படுத்துவேன்."

இன்னொரு கேள்வி. அல்சன், வனமேக்கர் இருவரும் 2018-ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் எழுதிய கட்டுரை கிடைத்தது. 1972-ல் செய்தி வெளியான பிறகு கறுப்பின ஆண்களுக்கு மருத்துவத்தின் மேல் அவநம்பிக்கை கூடியது, 45 வயதில் அவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள் 1.5 ஆண்டு வரை குறைந்தது என்கிறார்கள். கட்டுரை முடிவில் இந்த எண்ணைப் போட்டால் வலுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். போடலாமா?

ஏட்டுச்சுவடி

1964 குறிப்புரை நன்றாக வந்திருக்கிறது, அம்மா. "அவர்களின் குரல் இதில் இல்லை" என்று எழுதினாய் அல்லவா, அந்தக் குரல் எந்த ஆதாரத்தில் இருக்கிறது என்று பட்டியலில் காட்ட வேண்டும். ஜேம்ஸ் ஜோன்ஸ் 1981-ல் எழுதிய நூலில் உயிரோடிருந்தவர்களின் பேச்சு இருக்கிறது. 1997 மே 16 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்ட நிகழ்ச்சியில் ஹெர்மன் ஷா பேசினார். அப்போது அவருக்கு 94 வயது. அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் கிடைக்கும். அதே ஆண்டு வந்த தொலைக்காட்சிப் படத்தை மட்டும் சேர்க்காதே. செவிலியரை மையமாக வைத்த புனைவு அது. அதில் வருவதை நடந்ததாக எழுதிவிடுவார்கள் மாணவர்கள்.

தராசுமுள்

1.5 ஆண்டு பற்றி: போடலாம், ஆனால் தனியாகப் போடாதீர்கள். அது எண்ணிப் பார்த்த எண் இல்லை, புள்ளியியல் மாதிரியின் வழியாகக் கிடைத்த மதிப்பீடு. மேக்கன் மாவட்டத்துக்கு அருகில் இருந்தவர்களிடம் விளைவு அதிகமாகவும் தூரம் கூடக்கூடக் குறைவாகவும் இருக்கும் என்ற கருத்தின் மேல் அது நிற்கிறது. "வரை" என்ற சொல்லையும் விடக்கூடாது. அதை விட்டுவிட்டால் ஐயா சொன்ன 28, 100 கதை இங்கேயும் தொடங்கிவிடும்.

அதற்குப் பக்கத்தில் 2005-ல் பிரான்டன், ஐசக், லவீஸ்ட் மூவரும் பால்டிமோரில் நடத்திய கருத்தாய்வை வையுங்கள். டஸ்கீகியைப் பற்றித் தெரிந்திருப்பதற்கும் மருத்துவத்தின் மேல் அவநம்பிக்கைக்கும் தொடர்பு காணவில்லை என்கிறார்கள். டஸ்கீகியைக் கேள்விப்படாதவர்களுக்கும் அவநம்பிக்கை இருந்தது. அவர்கள் அன்றாடம் மருத்துவமனையில் படும் அனுபவமே காரணமாக இருக்கலாம் இல்லையா? இரண்டு ஆய்வும் வேறு வேறு காலத்து ஆட்களிடம் வேறு வேறு கேள்வியைக் கேட்டவை, அதனால் ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. இரண்டு குறிப்புரையிலும் ஒன்றை ஒன்று சுட்டி எழுதுங்கள். ஆனால் ஆயுள் குறைந்தது என்பதைக் கட்டுரையின் கடைசி அடியாக வைக்காதீர்கள். அந்த எண்ணை நாளை யாராவது திருத்தினாலும், 399 பேரிடம் சொன்ன பொய் தவறாகவே இருக்கும். உங்கள் வாதம் அந்தப் பொய்யின் மேல் நிற்கட்டும்.

மாலைத்தென்றல்

சரி மேடம். அப்படியானால் அல்சன், வனமேக்கரை விளைவுகள் பகுதிக்கு மாற்றுகிறேன், பிரான்டனோடு சேர்த்து. ரிவர்ஸ் கட்டுரையை இப்போதுதான் இறக்கியிருக்கிறேன், படித்துவிட்டு அதற்கான குறிப்புரையை இங்கே போடுகிறேன்.